பிள்ளைப்பேறும் கடவுச்சீட்டும்

சென்ற ஆண்டு அரசியல் வகுப்பில் 'மக்கள் நல அரசு' என்னும் பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் விரிவுரையாளர் அதற்குத் தக்க எடுத்துக்காட்டாக இங்கிலாந்தின் தேசிய மருத்துவப் பணியைக் கூறினார். பணமுள்ளவர், இல்லாதவர் என்று பாராமல், நோய் ஒன்றையே தகுதியாகக் கொண்டு மருத்துவம் அளிக்கும் ஏற்பாடு அது என்றார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அந்த நாட்டில் விசா இல்லாத ஒரு பெண்ணுக்குப் பிரசவம் என்றால் பார்ப்பார்களா, சார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. "பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நீயே தேடிப் பார்த்துச் சொல்லம்மா" என்றார். கேட்ட மாணவி நான்தான். தேடியதன் பயனே இக்கட்டுரை.

கேள்விக்கு விடை ஒரே சொல்லில் முடிந்துவிடும். பார்ப்பார்கள். பிரசவ வலியோடு வாயிலில் வந்து நிற்கும் பெண்ணை, காசு இல்லை என்றோ காகிதம் இல்லை என்றோ எந்த அரசு மருத்துவமனையும் அங்கே திருப்பி அனுப்பக் கூடாது. சட்டமே அவ்வாறு கூறுகிறது. அப்படியானால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். பிள்ளை பிறந்த பிறகு வருவதையும், பிறப்பதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பு வராமற் போவதையும் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலில், உரிய ஆவணம் இல்லாதவர்கள் என்போர் யாவர்? படகில் ஒளிந்து வந்தவர்கள் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு உண்டு. அப்படி வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முறையாக விமானத்தில் வந்து இறங்கி, விசாக் காலம் கடந்த பின்னும் தங்கிவிட்டவர்களும் உண்டு. அடைக்கலம் கேட்டு, விண்ணப்பம் தள்ளுபடியாகி, திரும்பிச் செல்ல அஞ்சி நிற்பவர்கள் உண்டு. கணவனின் விசாவைச் சார்ந்து வந்து, அடி பொறுக்காமல் அவனை விட்டு வெளியேறியதால் இருக்கும் உரிமையை இழந்த மனைவியர் உண்டு. செல்வர் வீட்டு வேலைக்காரியாக அழைத்து வரப்பட்டு, கொடுமை தாளாமல் ஓடிவந்தவர்கள் உண்டு. ஒரே பெண் தன் வாழ்நாளில் ஓராண்டு ஆவணம் உள்ளவளாகவும், மறு ஆண்டு இல்லாதவளாகவும் இருக்கக் கூடும். கருவுறுவது இந்த ஆண்டுகளைப் பார்த்து வருவதில்லை.

இனி அந்த மருத்துவப் பணியின் கதைக்கு வருவோம். 1948 ஜூலை 5 அன்று அது தொடங்கப்பட்டது. அதனைக் கட்டியெழுப்பியவர் அப்போதைய சுகாதார அமைச்சர் அனியூரின் பெவன். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். தாமும் பதின்மூன்று வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். திட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே, வெளிநாட்டவர்கள் கப்பலில் வந்து இறங்கிப் பல் கட்டிக்கொண்டும் மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டும் போகிறார்கள் என்று கூக்குரல் எழுந்தது. பெவன் இதற்குச் சொன்ன மறுமொழி இன்றும் படிக்கத் தக்கது. வெளிநாட்டவரைத் தனியே பிரித்தெடுக்க வேண்டுமானால், உள்நாட்டவரும் தாம் உள்நாட்டவரே என்று ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். ஒரு சிலரைத் தடுப்பதற்காக நாடு முழுவதையும் அடையாளச்சீட்டுடன் அலையவிட வேண்டியதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இருந்தும் 1949-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திலேயே, நாட்டில் வழக்கமாக வசிக்காதவர்களிடம் கட்டணம் வாங்கும் அதிகாரம் அரசுக்கு அளிக்கப்பட்டுவிட்டது. அந்த அதிகாரம் முப்பத்துமூன்று ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1982 அக்டோபரில்தான் அதன் கீழ் முதன்முதலாக விதிகள் நடைமுறைக்கு வந்தன.

'வழக்கமாக வசிப்பவர்' என்றால் யார் என்பதைச் சட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை. அதற்கு விளக்கம் கிடைத்த வரலாறு மாணவர்களாகிய நமக்குச் சுவை தரும். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கிலாந்தில் படித்த மாணவர்கள் சிலர் தமக்கும் கல்வி உதவித்தொகை உண்டு என்று வழக்குத் தொடர்ந்தனர். அவ்வழக்கில் பிரபுக்கள் சபை 1982-இல் தீர்ப்பளித்தது. சட்டப்படி வந்து, தன் விருப்பத்தோடு, ஏதேனும் ஒரு நிலையான நோக்கத்துக்காக (படிப்பும் அத்தகைய நோக்கமே) ஓரிடத்தில் தங்கியிருப்பவர் வழக்கமாக வசிப்பவரே என்பது அத்தீர்ப்பு. உதவித்தொகைக்காகப் பிறந்த இந்த விளக்கமே பிறகு மருத்துவமனைக்கும் சென்று அமர்ந்தது. மாணவர்களுக்கு வெற்றி தந்த அதே வாக்கியத்திலுள்ள 'சட்டப்படி' என்ற ஒரு சொல்தான், ஆவணமற்ற பெண்ணை இருபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தாலும் வசிப்பவளாகக் கருதாமல் விருந்தாளியாகவே வைத்திருக்கிறது.

2012-இல் அப்போதைய உள்துறை அமைச்சர் தெரசா மே, சட்டவிரோதமாகத் தங்குவோருக்கு நாட்டில் வாழ்வதற்கே ஒவ்வாத சூழலை உருவாக்கப் போவதாக வெளிப்படையாக அறிவித்தார். வீடு வாடகைக்கு விடுபவர், வங்கி அலுவலர், வேலை கொடுப்பவர் எல்லோரும் ஆவணம் கேட்கும் காவலர்களாயினர். 2014-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் மருத்துவத்துக்கு உரியவர் யார் என்ற வட்டத்தையும் சுருக்கிற்று. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இல்லாத எவரும் இனி வழக்கமாக வசிப்பவரல்லர். விசாவுடன் வருவோர் அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். 2015-இல் 200 பவுண்டாகத் தொடங்கிய அக்கட்டணம் 2024-இல் 1,035 பவுண்டாக உயர்ந்தது, மாணவர்களுக்கு 776. மேற்படிப்புக்குச் செல்ல எண்ணும் நண்பர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்க. விசாவே இல்லாதவளுக்கு அக்கட்டணம் கட்டும் வழியும் கிடையாது. 2015 விதிகளின்படி அவளிடம் மருத்துவமனை வாங்க வேண்டியது, சிகிச்சைக்கென்று அரசு குறித்துள்ள விலையின் ஒன்றரை மடங்கு. 2017 அக்டோபர் முதல், அவசரமல்லாத சிகிச்சைகளுக்குப் பணத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது.

பேறுகால மருத்துவத்துக்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. கருவுற்றது முதல் பிரசவத்துக்குப் பின் வரையுள்ள எல்லாச் சிகிச்சையும் 'உடனடியாக வேண்டப்படுவது' என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளது. முன்பணம் கேட்கக் கூடாது. பணம் வரும் வரை என்று தள்ளிப் போடவும் கூடாது. இதுவரை எல்லாம் நன்றே. ஆனால் உடனடியாகத் தர வேண்டும் என்பதற்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது பொருளன்று. பிள்ளை பிறந்த பின்னோ, சில இடங்களில் முதல் பரிசோதனை முடிந்த உடனேயோ, கணக்குச் சீட்டு வருகிறது. சிக்கலில்லாத பிரசவத்துக்கே 7,000 பவுண்டு அளவுக்குச் சீட்டு வருவதுண்டு. அறுவை செய்தாலோ, குறைமாதக் குழந்தையைத் தனிப் பிரிவில் வைத்தாலோ அது பன்மடங்காகும். இத்தொகையைக் கட்ட வேண்டியவள் யார்? வேலை செய்வதே குற்றமென்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதிக்கப்பட்டவள்! உழைத்துக் கட்டினால் அது ஒரு குற்றம். கட்டாவிட்டால் அது ஒரு கடன்.

அக்கடனுக்கு ஒரு தனிக் குணமும் உண்டு. 500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பாக்கி இரண்டு மாதம் கட்டப்படாமலும், தவணைக்கு ஒப்பந்தம் ஏதும் செய்துகொள்ளப்படாமலும் நின்றால், மருத்துவமனை அதனை உள்துறைக்குத் தெரிவிக்கும். பிற்காலத்தில் அவள் விசாவுக்கு விண்ணப்பித்தால், அந்தப் பாக்கியையே காரணமாகக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளலாம். தன் நிலையைச் சட்டப்படி சீர்செய்துகொள்ள அவளுக்குள்ள வழியில், அவள் பெற்ற பிள்ளையின் பிரசவச் செலவே குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது.

இந்தக் கணக்கு அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. மருத்துவமனை சொல்லாவிட்டாலும் அண்டை அயலார் சொல்லிவிடுவார்கள். அதனால் அவள் என்ன செய்கிறாள்? வலி வரும்வரை போகாமல் இருந்துவிடுகிறாள். வலி வந்த பிறகுதான் யாராலும் அவளைத் தடுக்க முடியாதே!

இங்கேதான் என் பெரிய அத்தையை இழுக்க வேண்டியிருக்கிறது. அவர் கிராம சுகாதாரச் செவிலியாக இருபத்தெட்டு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். இந்தக் கட்டுரைக்காக நான் சேகரித்ததையெல்லாம் அவரிடம் படித்துக் காட்டினேன். கட்டணத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு எத்தனாவது மாசத்துல வந்து பதியறா?" என்று ஒன்றுதான் கேட்டார். ஏன் அது என்றேன். "பிரசவத்தன்னிக்கு வர்றவளுக்கு நாம பிரசவந்தான் பார்க்கலாம். மூணாம் மாசம் வர்றவளைத்தான் காப்பாத்தலாம்" என்றார்.

மருத்துவ நூல்கள் இதையே விரித்துச் சொல்கின்றன. இங்கிலாந்தில் பத்து வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடந்துவிட வேண்டும் என்பது நெறி. தலைப்பிள்ளைக்காரிக்குப் பத்துச் சந்திப்புகள், அடுத்தடுத்த பேறுகளுக்கு ஏழு. முதல் சந்திப்பில் இரத்தம் எடுக்கிறார்கள். சோகை உண்டா, இரத்தப் பிரிவு என்ன, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ்-பி ஆகியவை உண்டா என்று பார்க்கிறார்கள். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது உண்டு. அதைச் செய்வதற்கு ஒரு காலமும் உண்டு. தாயின் இரத்தம் ஆர்-எச் நெகட்டிவாகவும் சிசுவின் இரத்தம் பாசிட்டிவாகவும் இருந்தால், முதற்குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். தாயின் உடலோ அந்த இரத்தத்தைப் பகையாக நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த குழந்தையின் இரத்தத்தைக் கருவிலேயே அழிக்கத் தொடங்கும். இருபத்தெட்டாம் வாரத்திலும், பிறந்த எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ளும் போடும் ஊசி அதைத் தடுத்துவிடுகிறது. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை ஏதும் பெறாவிட்டால், அது குழந்தைக்குச் செல்வதற்கு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை வாய்ப்புண்டு. உரிய காலத்தில் மருந்து உண்டால் அது நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஹெபடைட்டிஸ்-பி என்றால், பிறந்த ஒரு நாளுக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும்.

இவற்றினும் கள்ளத்தனமானது இரத்த அழுத்தம். ஐந்தாம் மாதத்துக்குப் பின் சிலருக்கு அழுத்தம் ஏறும். சிறுநீரில் புரதம் காணும். கால் வீக்கம் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வருவதுதானே என்று அவள் இருந்துவிடுவாள். வலியில்லை, இரத்தப்போக்கில்லை, அச்சப்படும்படி வெளியே எதுவுமில்லை. கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்க்கும் ஒரு நிமிட வேலையும், சிறுநீரில் ஒரு தாளைத் தோய்த்துப் பார்க்கும் ஒரு நிமிட வேலையும் மட்டுமே அதைக் காட்டிக் கொடுக்கும். பார்க்காமல் விட்டால் ஒரு நாள் தலைவலி, கண் மங்கல், பிறகு வலிப்பு. அன்று வாயிற்கதவு அவளுக்குத் திறந்துதான் இருக்கும். ஆனால் மருத்துவர்களிடம் அவளைப் பற்றிய ஒரு வரிக் குறிப்பும் இராது.

தாய்மார் இறப்பைப் பற்றி இங்கிலாந்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. 1952 முதல், பேறுகாலத்தில் இறந்த ஒவ்வொரு தாயின் வரலாற்றையும் பெயரையும் மருத்துவமனையையும் நீக்கிவிட்டு, வேறு மருத்துவர்கள் படித்துப் பார்க்கிறார்கள். யாரையும் தண்டிப்பது நோக்கமன்று; எங்கே பிழை என்று கற்பதே நோக்கம். 2019-இல் வெளிவந்த அறிக்கையில், இறந்தவர்களுள் மூன்று பெண்கள் செலவைப் பற்றியும் தம் குடியேற்ற நிலையைப் பற்றியும் எண்ணி மருத்துவத்தை நாடத் தயங்கியிருக்கலாம் என்று குறிக்கப்பட்டுள்ளது. மூன்று என்பது சிறிய எண்ணே. ஆனால் அங்கே பேறுகால மரணமே அரிது என்பதையும், தயங்கி நின்றும் உயிர் தப்பியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகளின் பேரவை இக்கட்டண விதிகளை நிறுத்தி வைக்குமாறு அரசைக் கேட்டுக்கொண்டது. மகப்பேற்றுச் செவிலியர் கல்லூரியும் அவ்வாறே கோரியது. கட்டணம் வாங்கும் வேலை தம் தொழிலின் அடிப்படையையே கெடுக்கிறது என்பது செவிலியரின் முறையீடு. கர்ப்பிணி தன்னிடம் உண்மை பேசினால்தான் செவிலியால் உதவ முடியும். பேசினால் சீட்டு வரும் என்று அஞ்சுகிறவள் எப்படிப் பேசுவாள்?

அரசு தரப்பையும் கேட்பதே நேர்மை. வரி செலுத்துவோர் பணத்தில் நடப்பது இந்த மருத்துவம். உலகத்தார் அனைவருக்கும் அதைத் திறந்துவிட முடியாது. பிள்ளை பெறுவதற்கென்றே விமானம் ஏறி வருவோரும் உண்டு என்பது அவர்கள் கூற்று. அப்படி வருவோர் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் எத்தனை பணம் மிச்சமாகிறது என்று பார்க்கலாம். 2017-18 வாக்கில் வெளிநாட்டவரிடமிருந்து ஆண்டுக்கு 50 கோடி பவுண்டு திரட்ட வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. அந்த இலக்கு எட்டப்படாது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2016-இலேயே கூறிவிட்டது. திரண்ட பணத்திலும் பெரும்பகுதி, மாணவரும் பணியாளரும் விசாவுடன் கட்டிய கட்டணமே. இலக்கு முழுவதும் எட்டப்பட்டிருந்தாலும், ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி பவுண்டுக்கு மேல் செலவாகும் ஓர் அமைப்பில் அது நூற்றில் அரைப் பங்குகூட ஆகாது. இதில் கையில் ஒன்றுமில்லாத கர்ப்பிணிகளிடமிருந்து வருவது எவ்வளவு இருக்கும் என்று பொருளாதார மாணவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த விதிகளில் விலக்கு அளிக்கப்பட்டவற்றின் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. குடும்ப மருத்துவரைக் காண்பது எவருக்கும் இலவசம். விபத்துப் பிரிவில் முதற்சிகிச்சை இலவசம்; படுக்கையில் சேர்த்துக்கொண்டால் கட்டணம் தொடங்கும். காசநோய் முதலிய தொற்று நோய்களுக்கு இலவசம். குடும்பக் கட்டுப்பாட்டு உதவி இலவசம்! பிள்ளை பெறாமலிருக்க அவளுக்கு இலவசமாக உதவும் அரசு, பெற்றால் ஒன்றரை மடங்கு விலை கேட்கிறது.

எச்.ஐ.வி.யின் கதை இதனினும் கருதத்தக்கது. 2012 வரை, ஆவணமற்றவருக்கு அதன் பரிசோதனை மட்டுமே இலவசம். மருந்துக்குக் கட்டணம் உண்டு. கட்டணத்துக்கு அஞ்சி மக்கள் பரிசோதனைக்கே வராமலிருந்தால் நோய் பரவும் என்று மருத்துவர்கள் வாதாடினர். அரசு ஏற்றுக்கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் முதல் இங்கிலாந்தில் மருந்தையும் இலவசமாக்கிற்று. அச்சம் மக்களை மருத்துவத்திலிருந்து விலக்கும் என்ற உண்மை அரசுக்குத் தெரியாததன்று என்பது இதனால் விளங்கும். இன்று எச்.ஐ.வி. உள்ள ஒரு தாய்க்கு அதற்கான மருந்து இலவசம். அதே மருத்துவமனையில் அவளுக்குப் பார்க்கும் பிரசவத்துக்குக் கட்டணம். தொற்று நோயின் விஷயத்தில் ஏற்கப்பட்ட வாதம் பிரசவத்தில் மட்டும் ஏற்கப்படாததற்குக் காரணம் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. காசநோய் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வரும். பிரசவ வலிப்பு யாருக்கும் தொற்றாது.

பணத்தைப் பற்றிய அச்சத்தோடு காவலரைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவப் பதிவேட்டிலுள்ள பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றை உள்துறைக்கு அளிக்கும் ஒப்பந்தம் ஒன்று 2017 ஜனவரியில் வெளியாயிற்று. நோயைப் பற்றி எதுவும் தரவில்லை, முகவரி மட்டுந்தானே என்று அதிகாரிகள் சமாதானம் கூறினர். ஒளிந்து வாழ்பவளுக்கு நோயைவிட முகவரிதானே பெரிய இரகசியம்! பாராளுமன்றத்தின் சுகாதாரக் குழு கடுமையாகக் கண்டித்ததால் 2018 மே மாதம் அரசு அதனைப் பெரிதும் கைவிட்டது. ஆனால் ஒப்பந்தம் போயிற்று என்ற செய்தி, ஒப்பந்தம் வந்தது என்ற செய்தியைப் போல வேகமாகப் பரவுவதில்லை.

பெவன் அஞ்சியபடியே இன்னொன்றும் நடந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கரீபியன் தீவுகளிலிருந்து குழந்தைகளாகச் சட்டப்படி வந்து, வேலை செய்து, வரி கட்டி முதுமையடைந்த கறுப்பின மக்களிடமும் ஆவணம் கேட்கப்பட்டது. கையில் காகிதம் இல்லாததால் சிலர் வேலையிழந்தனர். சிலருக்கு மருத்துவம் மறுக்கப்பட்டது. 2018-இல் இது பெரிய ஊழலாக வெடித்து, உள்துறை அமைச்சரே பதவி விலகும்படி ஆயிற்று. பிரசவ அறையிலும் இதே நிலைதான். யாரிடம் ஆவணம் கேட்பது என்பதை அலுவலர் எதைக் கொண்டு முடிவு செய்கிறார்? பெயர், நிறம், உச்சரிப்பு இவற்றைக் கொண்டுதான். எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பது விதி. விதியும் வழக்கமும் எல்லா நாட்டிலும் இருவேறு பிறவிகள்.

மற்ற நாடுகளில் எப்படி என்று சுருக்கமாகப் பார்க்கலாம். பிரான்சில் 2000-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவ உதவி என்னும் தனித் திட்டம் உண்டு. ஆவணமின்றி மூன்று மாதத்துக்கு மேல் தங்கியுள்ள வறியவருக்கு, பேறுகாலம் உட்படச் செலவை அரசே ஏற்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் அதை ஒழிக்க வேண்டும் என்ற குரல் எழுவதும், ஒழியாமல் அது நிற்பதும் வழக்கமாகிவிட்டது. ஸ்பெயினில் 2012-இல் பொருளாதார நெருக்கடியைக் காட்டி ஆவணமற்றோரின் மருத்துவ உரிமையைப் பறித்தனர். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் விலக்கு உண்டு என்று சட்டம் தெளிவாகவே சொல்லிற்று. அப்படியிருந்தும் கர்ப்பிணிகள் திருப்பி அனுப்பப்பட்டதையும், அவர்களுக்குக் கட்டணச் சீட்டு நீட்டப்பட்டதையும் தொண்டு அமைப்புகள் பதிவு செய்தன. சட்டத்தின் அடிக்குறிப்பு வரவேற்பு மேசை வரை வந்து சேர்வதில்லை போலும். 2018-இல் உரிமை மீண்டும் அளிக்கப்பட்டது.

ஜெர்மனியின் சிக்கல் வேறு வகை. அங்கே சிகிச்சைக்குச் சமூக நல அலுவலகத்தில் ஒரு சீட்டு வாங்க வேண்டும். அந்த அலுவலகமோ ஆவணமற்றவரைப் பற்றிக் குடியேற்றத் துறைக்குத் தகவல் தரக் கடமைப்பட்டது. மருத்துவர் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம், எழுத்தர் வாய் மூடக் கூடாது என்று இன்னொரு சட்டம். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் 2009 முதல் மருத்துவமனை அலுவலகத்தாரையும் மௌனம் காக்க அனுமதித்துள்ளனர். ஆகவே அங்கேயும் பிரசவத்தன்று போவது பத்திரம். மூன்றாம் மாதம் போவது ஆபத்து.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1986-இல் வந்த சட்டங்களின்படி, வலியோடு வருபவளை மருத்துவமனை ஏற்றே ஆக வேண்டும். அவள் வறியவளாயின் பிரசவச் செலவை ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டின் அவசரப் பிரிவு ஏற்கும். ஆனால் பிரசவத்துக்கு முந்திய பரிசோதனைகள் அவசரம் ஆகாவே! இதைத் தாண்ட 2002-இல் ஒரு விசித்திரமான வழி கண்டனர். கருவிலுள்ள சிசுவையே காப்பீடு பெறும் குழந்தையாக மாநிலங்கள் கருதிக்கொள்ளலாம் என்று விதி செய்தனர். தாய் ஆவணமற்றவளாக இருந்தாலும் சிசுவுக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே சிசுவின் பெயரால் தாய்க்குப் பரிசோதனை நடக்கிறது. தொப்புள்கொடி அறுந்ததும் தாய்க்கு அந்த உரிமையும் அறுந்துவிடும். பிரசவத்துக்குப் பின் அவளுக்கு வரும் நோய்க்கு வேறு வழி தேட வேண்டும். எல்லா மாநிலங்களும் இதனை ஏற்கவுமில்லை. செலவைப் பற்றிக் கவலைப்படுவோருக்காக ஒன்று: பேறுகாலப் பரிசோதனைக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் செலவில் 3.38 டாலரை மிச்சப்படுத்தும் என்று அந்நாட்டு மருத்துவ நிறுவனம் 1985-இலேயே கணித்துக் கூறியது.

நம்மவர்களுக்கு இதில் தொடர்பு உண்டா என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். உண்டு. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து அடைக்கலம் தேடி இலண்டன் சென்ற தமிழர் பல்லாயிரவர். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற பகுதிகளில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்திருப்பது அதனால்தான். அடைக்கலம் கிடைத்தவர் போக, மறுக்கப்பட்டவர்களும் உண்டு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை மருத்துவம் இலவசம். இறுதியாக மறுக்கப்பட்டு, அரசு உதவித்தொகையும் நின்றுபோனால், இங்கிலாந்தில் அன்று முதல் புதிதாகத் தொடங்கும் சிகிச்சைக்குக் கட்டணம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மறுக்கப்பட்டவர்களுக்கும் இலவசமே. அதாவது ஒரே தீவில், ஒரே அரசரின் கீழ், கிளாஸ்கோவில் பெற்றால் இலவசம், இலண்டனில் பெற்றால் கடன்.

கடைசியாக, பிறந்த குழந்தையைப் பற்றி. இங்கிலாந்தில் பிறந்தால் போதும், குடியுரிமை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1983 ஜனவரி 1 முதல் அது கிடையாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ, நிரந்தர அனுமதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். ஆனால் அங்கே பிறந்த குழந்தை பத்து வயது வரை அங்கேயே வளர்ந்தால், பெற்றோரின் நிலை எதுவாயினும், தன்னைக் குடியாகப் பதிவு செய்துகொள்ளும் உரிமை அதற்கு உண்டு. அதற்கு, பத்தாண்டும் அங்கேதான் வாழ்ந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு சான்று எளிது. முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கு என்ன காட்டுவது? செவிலி வீட்டுக்கு வந்து எடை பார்த்து எழுதிய சிவப்பு அட்டைப் புத்தகம், தடுப்பூசி போட்ட தேதிகள், குடும்ப மருத்துவரின் கடிதம் இவற்றைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள். கட்டணத்துக்கும் காவலருக்கும் அஞ்சி மருத்துவமனைப் பக்கமே தலைகாட்டாமல் வளர்த்த தாயின் பெட்டியில் அந்தச் சிவப்புப் புத்தகத்தின் பக்கங்கள் வெறுமையாக இருக்கும்.